அக்கா தொட்ட செவ்வரத்தை

என் வயதுக்காரரோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஓய்வூதியம் எடுக்க வங்கியில் நிற்கும்போதும், ஆஸ்பத்திரி மர வாங்கில் நம்பர் கூப்பிடும்வரை குந்தியிருக்கும்போதும் நீங்கள் ஒரே கதையைத்தான் கதைக்கிறீர்கள். அந்தக் காலத்தில் பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான், பிள்ளைகள் எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டார்கள், அதனால்தான் நாங்கள் உருப்பட்டோம் என்கிறீர்கள். நானும் இவ்வளவு நாளும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். இனி ஆட்டமாட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்ன சொல்லால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு, யார் உருப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

கண்டி வீதியில் கனகராயன்குளத்தில் இறங்கி, உள்ளே நாலு மைல்கட்டை நடந்தால் எங்கள் குடியேற்றத் திட்டம். குடாநாட்டில் காணியில்லாமல் இருந்த அப்பாவுக்கு அங்கே வயலும் வீட்டு வளவும் கிடைத்தன. காடு வெட்டியவர்கள் எங்கள் வளவுக்குள் ஒரு பாலை மரத்தையும் இரண்டு விளாத்தியையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். நிழல் என்றால் அப்படியொரு நிழல். அவித்த நெல்லை முற்றத்தில் பரப்பினால் காயாது. அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வெயில் தேடி ஒழுங்கைக்குப் போவா. வீட்டுச் சுவரின் அடியில் எந்நாளும் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும்.

அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, அங்கேயிருந்த பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக வந்தார். பெரியம்மாவும் பிள்ளைகளும் குடாநாட்டு வீட்டில். இவர் தவணைக் காலத்தில் எங்களோடு தங்குவார், விடுமுறைக்கு ஊருக்குப் போவார். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். பெரியப்பா கதிரையில் இருந்தால் அப்பா பக்கத்தில் நிற்பார், இருக்கமாட்டார். வீட்டில் சாமியறை என்று ஒரு மூலை இருந்ததே பெரியப்பா வந்த பிறகுதான்.

தை மாதம் ஊரிலிருந்து திரும்பியபோது பெரியப்பா மடியில் ஒரு செடியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரிய தகரப் பால்மாப் பேணி ஒன்றில் வளர்ந்த அடுக்குச் செவ்வரத்தை. எங்கள் பக்கத்தில் ஒற்றைச் செவ்வரத்தைதான் உண்டு. இது ரோசாவைப்போல இதழுக்குள் இதழாக, கடும் சிவப்பு. வழியிலேயே இரண்டு பூ விரிந்திருந்தது. நடுவதற்குப் பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்தார். வீட்டின் பெண்பிள்ளைகள், அக்காவையும் என்னையும், கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள அனுப்பினார். நாங்கள் வாளியோடு வந்தபோது, சாமியறை ஜன்னலோடு, பாலை மரத்துக்கு நேர் கீழே, செடியை நட்டு முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். எட்டிப் பூப் பறிக்க வசதியான இடமாம்.

சித்திரையில் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். சித்திரையில் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் பாலைப்பழம் பழுத்தது. காலையில் மரத்தின் கீழே போனால் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். தின்றால் பால் உதட்டில் ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசித்தான் கழற்ற வேண்டும். அப்படி ஒரு காலையில், உதட்டில் எண்ணெயோடு, அக்கா பெரியப்பாவின் பூசைக்கு இரண்டு செவ்வரத்தம் பூ பறித்துக் கொடுத்தாள். அன்று மத்தியானம் அம்மாவைக் குசினிக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அம்மா அவளைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்ப் பக்க அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினா. அக்கா பெரிய பிள்ளையாகிவிட்டாள். அவளுக்குப் பதின்மூன்று, எனக்குப் பதினொன்று.

நாலாம் நாள் செடியில் மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. பெரியப்பா சாமியறை ஜன்னலால் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"அண்டைக்குக் காலமை பூப் புடுங்கினது ஆர்?"

"மூத்தவள்தான். அவளுக்கு அப்ப தெரியாது அண்ணை..."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? துடக்கோடை தொட்டிருக்கிறாள். இனி உது தப்பாது."

அவ்வளவுதான். ஒரு தலைமையாசிரியர், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற மனிதர், ஒரு செடியின் வருத்தம் தீட்டால் வந்தது என்று கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் அதுதான். அடுத்த நாளே திட்டம் முழுவதும் கதை பரவியது. தண்ணீர் அள்ள வந்த பெண்கள் செடியை எட்டிப் பார்த்து, நாக்கைத் தட்டிவிட்டுப் போனார்கள். அக்கா இருந்த அறையின் ஜன்னலும் அதே பக்கம்தான். அவர்கள் கதைத்ததெல்லாம் அவளுக்குக் கேட்டது.

பிறகு பெரியப்பா வைத்தியம் தொடங்கினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார். வயலுக்கு வைத்திருந்த யூரியாவில் ஒரு பிடி அள்ளி அடியில் போடுவித்தார். காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஊற்ற ஊற்றச் செடி இன்னும் வாடியது. நான் அதைச் சொன்னேன். "அப்ப இன்னும் ஒரு வாளி ஊத்து" என்றார்.

அந்தக் காலத்தில் முப்பத்தொரு நாள் உள்ளே வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு முன்னால் இருந்தது ஒரு ஜன்னலும் அந்தச் செடியும்தான். முதல் கிழமை அழுதாள். இரண்டாம் கிழமை ஜன்னலால் என்னைக் கூப்பிட்டாள்.

"என்ரை விஞ்ஞானக் கொப்பியை எடுத்துக்கொண்டு வா. பென்சிலும்."

"பெரியப்பா பேசுவார்."

"பேசட்டும். நான் செடியைத் தொடப்போறேல்லை. பாக்கப்போறன்."

கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதினாள். நான் அவளுக்குக் கையும் காலும். "இலையைத் திருப்பிப் பார், வெள்ளையா ஏதும் இருக்கோ?" இருந்தது, பஞ்சுபோல மாப்பூச்சி, அதைச் சுற்றி எறும்பு. "மேல் மண்ணைக் கிளறு, காய்ஞ்சிருக்கோ?" மேலே காய்ந்துதான் இருந்தது, விரலை உள்ளே விட்டால் சேறு. "மணந்து பார்." மணந்தேன். புளித்துப்போன கஞ்சி மணம். எல்லாவற்றையும் எழுதினாள். வெயில் செடியில் விழத் தொடங்கும்போது "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்குவாள். பாலை இலைகளுக்கு நடுவே ஒரு துண்டு வெயில் வந்து, அப்பா மாடுகளை அவிழ்த்துக்கொண்டு படலையைத் தாண்டுவதற்குள் போய்விடும். அந்த நாள் முழுவதற்கும் அதற்குக் கிடைக்கிற வெயில் அதுதான்.

ஒருநாள், "பூக்காத கொப்பு ஒண்டு முறிச்சுக்கொண்டா" என்றாள். பென்சில் தடிப்பில் ஒன்றை முறித்து வந்தேன். ஜன்னல் கம்பிக்குள்ளால் கையை நீட்டி அதை வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் பிடித்தாள் என்று எனக்கு நினைவில்லை. என் கால் கடுத்தது நினைவிருக்கிறது.

"இந்தா. குசினிக்குப் பின்னாலை, அரிசி கழுவுற தண்ணி ஓடுற பக்கம், வெயிலுக்கை ஊண்டு. ஆருக்கும் சொல்லாதை."

ஊன்றினேன். சொல்லவில்லை.

ஆனியில் தண்ணீர் வார்த்து அக்காவை வெளியே விட்டார்கள். பள்ளிக்கூடம் போகலாம், ஆனால் செவ்வரத்தைப் பக்கம் போகக் கூடாது. அது பெரியப்பாவின் கட்டளை. மாதத்தில் அந்த மூன்று நாளும் குசினிக்குப் பின்னால் சாக்குப் போட்டுத் தனியே இருந்தாள். இருந்த இடத்திலிருந்தே நான் ஊன்றிய கொப்பை ஒவ்வொரு நாளும் தொட்டாள். வேண்டுமென்றே தொட்டாள். ஆடி பிறந்தபோது அது இரண்டு இடத்தில் துளிர்த்திருந்தது.

"பாத்தியோ? தொட்டது நான்தானே. இது ஏன் சாகேல்லை?"

அப்படிக் கேட்டபோது அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். அறையை விட்டு வந்த பிறகு அன்றுதான் நிமிர்ந்து சிரித்தாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் பெரியப்பாவைத் தேடி எங்கள் பகுதி அதிகாரி விதானையார் வந்திருந்தார். இருவரும் விளாத்தியின் கீழே கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வழக்கம்போலப் பக்கத்தில் நின்றார். அக்கா அப்பாவின் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலை மரத்தடிக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். நான் போய்ச் செடியைப் பிடித்தேன். அரை முழம் சுற்றி வெட்டினாள். நாலாவது வெட்டில் மண்வெட்டி 'டங்' என்றது. கல் என்று நினைத்தேன். கையால் மண்ணை விலக்கினால், தகரம். பெரியப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த பால்மாப் பேணி. அதைக் கழற்றாமல், அடியில் ஓர் ஓட்டைகூடப் போடாமல், அப்படியே தாட்டிருந்தார். வேர் வெளியே போக இடமில்லாமல் பேணிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, நூல் உருண்டைபோல இறுகியிருந்தது. அடிப்பக்கம் கறுத்து அழுகிப்போயிருந்தது. நான் நாளுக்கு இரண்டும் மூன்றும் வாளி ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் அதற்குள் நின்றிருக்கிறது.

அக்கா பேணியோடு செடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர்கள் முன்னால் வைத்தாள்.

"பெரியப்பா, இதாலைதான் வருத்தம். வேருக்கு இடமில்லை, தண்ணி வடியேல்லை, வெயிலும் இல்லை. நான் தொட்டதாலை இல்லை. இதின்ரை கொப்பு ஒண்டு நான் தொட்டுத் தொட்டு வளத்தது குசினிக்குப் பின்னாலை நிக்குது. வந்து பாருங்கோ."

மரியாதையாகத்தான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

விதானையார் பேணியைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன வாத்தியார், பேணியோடையே தாட்டுப்போட்டியளோ! உது செடியோ, புதையலோ?"

அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அது இல்லாவிட்டாலும் கெட்டிருக்குமோ தெரியாது. பெரியப்பா பேணியைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு மண்வெட்டியைத் தொட்டனி?"

அக்கா வாய் திறக்கும் முன்னமே அப்பா அறைந்தார். அதுவரை அப்பா எங்களுக்கு அடித்ததேயில்லை. தமையனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே மகளுக்கு அடித்தார். நான் கையெல்லாம் மண்ணோடு அங்கேயே நின்றேன். சித்திரையிலேயே மஞ்சளானதைப் பார்த்தவள் நான். புளித்த மணத்தை மணந்தவள் நான். கொப்பை ஊன்றியவளும் நான். "அக்கா சொல்லுறது சரி" என்று மூன்று சொல் சொல்லியிருக்கலாம். அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்து, வாயில் விரலை வைத்தா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியப்பா அந்தப் பேணியை மறந்துதான் போனாரா, தகரம் தானே உக்கிப்போகும் என்று நினைத்தாரா, நேரம் தப்பிவிடும் என்ற அவசரத்தில் கழற்றாமல் விட்டாரா, நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம் குறையவில்லை. பிழை செய்யாத மனிதர் இல்லை. ஆனால் தன் பிழையை ஒரு குழந்தையின் உடம்பின்மேல் போட்டு, அதைத் திட்டம் முழுவதும் கதைக்க விட்டு, பேணி வெளியே வந்த பிறகும் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் இருக்க எப்படி முடிந்தது?

செடியை அங்கேயே எறிந்துவிட்டு எல்லாரும் எழும்பிப் போனார்கள். பொழுது படுவதற்குள் அக்கா அதைத் தூக்கி வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பேணியின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் திறந்தாள். அழுகிய வேரை வெள்ளை தெரியும் மட்டும் வெட்டினாள். சுற்றியிருந்ததை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். மேலே பாதிக்குமேல் கொப்புகளைத் தறித்தாள். குறைஞ்ச வேர் கன இலைக்குச் சாப்பாடு போடாது என்றாள். மிச்ச இலைகளைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தாள். கிணற்றடிக்கு அப்பால், நாள் முழுக்க வெயில் விழுகிற மேட்டில், மணலும் காய்ந்த சாணமும் கலந்து நட்டாள். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் செடிக்குமேல் ஒரு பழைய தென்னோலைக் கிடுகு சாய்த்துக் கட்டியிருந்தது. புதிதாக நட்டதற்குச் சூடு தாக்காமல் அம்மாதான் கட்டியிருக்கிறா. அம்மா செய்தது அவ்வளவுதான். அதையும் ஒருவரும் காணாமல்தான் செய்தா.

ஒரு மாதம் அது வெறும் தடியாக நின்றது. மூன்று நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். நான் ஒவ்வொரு நாளும் போய் நகத்தால் கீறிப் பார்ப்பேன், பச்சை தெரிகிறதா என்று. "கீறிக் கீறியே சாக்காட்டிப்போடாதை" என்று அக்கா பேசினாள். புரட்டாசி முடிவில் கணுவில் சிவப்பாக ஒரு முளை. ஐப்பசி மழையில் ஒரேயடியாக வளர்ந்தது. மார்கழியில் மொட்டு வைத்து, திருவெம்பாவை தொடங்கிய காலையில் ஒன்பது பூ பூத்தது. நான் எண்ணினேன்.

அந்த ஒன்பதையும் பறித்தது, பூசைக்காக அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் நின்ற பெரியப்பா. பூசைக்கு வந்தவர்களிடம், "ஊரிலையிருந்து நான் கொண்டுவந்த இனம். இடம் மாத்தி வைச்ச உடனை பிடிச்சிட்டுது" என்றார். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். அக்கா சுண்டல் பரிமாறிக்கொண்டு நின்றாள்.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மேலே படிக்க வவுனியாவுக்குப் போய் விடுதியில் நிற்கவேண்டும். அக்காவைப்போல விஞ்ஞானத்தில் புள்ளி எடுத்த பிள்ளை அங்கே அதுவரை இருந்ததில்லை என்று பெரியப்பாவே முன்பு சொல்லியிருக்கிறார். விடுதிக்குத் தலைமையாசிரியரின் கடிதம் வேண்டும். பூசை முடிந்த அன்றே அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரியப்பா கதிரையில் சாய்ந்திருந்தார். காதில் அந்தச் செவ்வரத்தம் பூவைச் செருகியிருந்தார்.

"உவளுக்கு வாய் கூடிப்போச்சு. பெரியாக்கள் எண்ட பயமில்லை. விடுதியிலை விட்டா எங்கடை மானம்தான் போகும். வீட்டோடை வைச்சிரு."

அப்பா "சரி அண்ணை" என்றார்.

அக்காவின் படிப்பு அதோடு முடிந்தது. பிழை செய்ததற்காக அல்ல, சரியாக இருந்ததற்காக. பேணியை எடுக்காமல், செடியைச் சாக விட்டு, 'என்னால்தான்' என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்திருந்தால் அவளுக்குக் கடிதம் கிடைத்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அதே கடிதத்தைப் பெரியப்பா எனக்கு எழுதித் தந்தார். என் புள்ளிகள் அக்காவுடையதற்குக் கிட்டவும் வரா. "சின்னவள் அமைதியான பிள்ளை, வாய் காட்டாது" என்று அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். எனக்கிருந்த தகுதி அதுதான். நான் பஸ் ஏறிய காலையில் அக்கா என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு கட்டையும் நடந்து வந்தாள். பஸ் வந்த பிறகு, "விஞ்ஞானக் கொப்பியை மட்டும் லீவுக்கு வரேக்கை மறக்காமல் கொண்டு வா" என்றாள். கொண்டு வந்தேன். நான் ஆசிரியையானேன். அவள் பத்தொன்பதில் கல்யாணம் கட்டி, வயல் செய்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, இப்போது மாங்குளத்தில் மகனோடு இருக்கிறாள். அந்தக் கொப்பிகளில் இருந்ததை என்னைவிட அவள்தான் நன்றாகப் படித்தாள்.

போன மாதம் என் மருமகளின் தங்கை மகள் பெரிய பிள்ளையாகி, கிளிநொச்சியில் சாமத்திய வீடு வைத்தார்கள். சடங்குக்கு முதல் நாள் நான் அவர்கள் வீட்டில் நின்றேன். கறிக்குத் தாளிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை முற்றத்துக்கு இறங்கிக் கறிவேப்பிலைக்குக் கையை நீட்டினாள். என் வயது மனுசி ஒருத்தி, "பிள்ளை, தொடாதை! பட்டுப்போம்!" என்று கத்தினா. முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே வெளிக்கிட்டு வந்துவிட்டேன். வந்ததும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துப் பொரிந்து தள்ளினேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனி?" என்றாள்.

நான் அந்த மனுசியைப் பற்றி மறுபடி தொடங்கினேன்.

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நாளைக்குப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். பிள்ளை ஒரு கதிரையில் இருந்து தலை பின்னுவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து, "நீ தொட்டு ஒரு செடியும் சாகாது, மகள்" என்றேன்.

"எனக்குத் தெரியும் அம்மம்மா" என்றாள். கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். "நேற்று எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் ஏன் அதைச் சொல்லேல்லை?"

குசினிக்குள் அந்த மனுசி நாலைந்து பெண்களோடு இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நான் எழும்பி உள்ளே போனேன்.